‘போட்டுவிடு’ என்பதிலிருந்து ‘போட்டுக்கறேன்’ வரை

திருப்பூரில் குழந்தைகளுக்கான பின்னலாடைகளை ஏற்றுமதி செய்யும் ஒரு பனியன் கம்பெனியில், தரப் பரிசோதனைப் பிரிவில் ஒன்பது ஆண்டுகளாக வேலை பார்த்து வருகிறேன். ஒரு நாளைக்குச் சில நூறு சட்டைகளையாவது கையில் எடுத்து, கழுத்தை இழுத்து, தையல் விட்டிருக்கிறதா, அளவு நாடாவுக்குள் நிற்கிறதா என்று பார்த்து அனுப்புவதுதான் என் பிழைப்பு. ஆனாலும் ஒரு சட்டையை அதைப் போட்டுக்கொள்ளும் குழந்தையின் பக்கத்திலிருந்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை என்பது, என் மகனுக்கு இரண்டேகால் வயது நடக்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

காலை எட்டேகாலுக்குக் கம்பெனி வேன் எங்கள் தெருமுனைக்கு வந்துவிடும். அன்றைக்கு எட்டுப் பத்துக்கு, நான் அவன் தலையில் மாட்டப்போன டி-ஷர்ட்டை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, தானே போட முயன்றான். தலையைக் கைப்பகுதிக்குள் விட்டான். அது அங்கேயே சிக்கிக்கொண்டது. உள்ளே இருட்டு, மூச்சு முட்டல், வெளியே வேனின் ஹாரன். அவன் அலறினான். நான் துணியை உருவி, சரியான வழியில் ஒரே இழுப்பில் மாட்டிவிட்டேன். அவன் அதைக் கழற்ற முயன்று, கழற்றத் தெரியாமல், வாசற்படியில் உட்கார்ந்து அழுததைப் பார்த்துக்கொண்டே வேனில் ஏறினேன். அன்று முழுவதும் மேசையில் வந்து விழுந்த ஒவ்வொரு சட்டையிலும் கழுத்துத் துளைக்கும் கைத்துளைக்கும் என்ன வேறுபாடு என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மேசையில் மடித்துப் போட்டிருக்கும் சிறு சட்டையில், தைத்துப் பழகிய கண்ணுக்கன்றி வேறு யாருக்கும் அந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது.

தமிழில் இந்தச் செயலுக்கு இரண்டு வினைகள் இருக்கின்றன. ஒருவர் இன்னொருவருக்குச் செய்தால் ‘போட்டுவிடு’; தனக்குத் தானே செய்துகொண்டால் ‘போட்டுக்கொள்’. எங்கள் வீட்டுப் பேச்சில் ‘போட்டுவுடு’, ‘போட்டுக்கறேன்’. அதுவரை என் மகன் கேட்டிருந்தது முதல் வினையை மட்டும்தான். என் மாமியார் அவனுக்குச் சட்டை போட்டுவிடும்போது, “கையக் குடு சாமி, தலையக் குடு சாமி” என்று கொஞ்சிக்கொண்டே போட்டுவிடுவார். கையைக் கொடு என்று கேட்கும்போது அந்தக் கை போட்டுவிடுகிறவருடையதாகிவிடுகிறது. குழந்தை அதை நீட்டிவிட்டு வேறெங்கோ வேடிக்கை பார்க்கலாம். அதற்குப் பதிலாக, “கைய உள்ள வுடு, கை எங்க வெளிய வருதுன்னு பாரு” என்று சொல்லத் தொடங்கியபோது அவன் பார்வை துணியின்மேல் விழுந்தது. இடது, வலது என்ற சொற்களால் அந்த வயதில் பயன் எதுவும் இல்லை. உள்ளே, வெளியே, மேலே, கீழே, இழு, விடு ஆகிய ஆறும் போதும்.

முதல் வேலையாக நேரத்தை மாற்றினேன். காலையில் சொல்லித் தருவதை அடியோடு விட்டுவிட்டேன். காலை என்பது போட்டுவிடும் நேரம், அதில் வெட்கப்பட எதுவுமில்லை. ஷிப்ட் முடிந்து நான் வீடு திரும்பி, அவனைக் குளிப்பாட்டுவதற்கு முன்னும் பின்னும் இருக்கும் இருபது நிமிடங்கள்தான் எங்கள் பள்ளிக்கூடம். ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் நாட்களில் அதுவும் கிடையாது. வாரத்துக்கு நான்கு மாலைகள் கிடைத்தால் பெரிது.

அதிலும் போடுவதற்கு முன்னால் கழற்றுவதையே பழக்கினேன். கழற்றுவதில் துணி எங்கே போக வேண்டும் என்ற குறி கிடையாது, எப்படியாவது உடம்பைவிட்டு வந்தால் போதும். வேர்த்து நனைந்த துணியைக் களைந்தால் உடனே சுகமாக இருக்கிறது, பிறகு தண்ணீரில் விளையாடலாம். எனவே குழந்தைக்கு அதில் அக்கறை அதிகம். காலுறையில் தொடங்குவது மிக எளிது என்பார்கள். ஆனால் திருப்பூர் வெயிலில் யார் இரண்டு வயதுப் பிள்ளைக்குக் காலுறை மாட்டுகிறார்கள்? என் கணவரின் பழைய காலுறைகளை எடுத்து அவனுக்குத் தொடைவரை மாட்டிவிட்டேன். குதிகாலைத் தாண்டும்வரை நானே இறக்கிவிட்டு, விரல் நுனியில் தொங்கும் துணியை மட்டும் அவனிடம் விட்டேன். அவன் இழுத்தான், வந்துவிட்டது, சிரித்தான். மறுபடி மாட்டச் சொன்னான். ஒரு வாரத்தில் குதிகாலுக்கு மேலிருந்தே பெருவிரலை உள்ளே நுழைத்துத் தள்ளக் கற்றுக்கொண்டான். கால்சட்டையின் எலாஸ்டிக்கை இறக்கவும் இதே விரல் வேலைதான் தேவை.

இந்த முறையை நான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. சிறப்புக் குழந்தைகளுக்குப் பயிற்சி தருபவர்கள் நெடுநாளாகச் செய்வதுதான். ஒரு வேலையைப் படிகளாகப் பிரித்து, முதல் படியிலிருந்து தொடங்காமல் கடைசிப் படியை மட்டும் குழந்தையிடம் விடுவது, அது கைவந்தபின் அதற்கு முந்தைய படியையும் சேர்த்து விடுவது, இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வருவது. முதல் படியைக் கற்ற குழந்தை, மீதியை அம்மா முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். கடைசிப் படியைக் கற்ற குழந்தைக்கோ வேலை தன் கையில்தான் முடிகிறது, முடித்தவன் தான் என்ற நினைப்பும் வருகிறது. கால்சட்டையை அப்படித்தான் பழக்கினேன். முதல் வாரம் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே வரை நான் ஏற்றிவிட, மேலே இழுப்பது அவன். அடுத்து முழங்காலிலிருந்து. அதற்கடுத்து கணுக்காலிலிருந்து. கால்களை நுழைப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில் வந்தது. அதற்கு ஏறத்தாழ இரண்டு மாதமானது.

முழங்காலிலிருந்து ஏற்றும் கட்டத்தில் எதிர்பாராத ஒரு தடங்கல் வந்தது. ஜட்டியை இடுப்புவரை நன்றாக ஏற்றிக்கொண்டு வருவான். கடைசி இரண்டு அங்குலத்தில் முகத்தைச் சுளித்துக் கையை எடுத்துவிடுவான். நான்கு நாள் அடம் என்றே நினைத்தேன். ஐந்தாம் நாள் தரையில் அவன் முன்னால் உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது: எலாஸ்டிக் மேலே வரும்போது அரைஞாண் கயிற்றையும் சேர்த்துச் சுருட்டிக்கொண்டு வருகிறது, பின்பக்கத்து முடிச்சு முதுகில் அழுந்துகிறது. நாம் போட்டுவிடும்போது நம்மையறியாமல் ஒரு விரலால் கயிற்றை விலக்கிவிடுகிறோம், அவனுக்கு அந்த விரல் இல்லை. முடிச்சை விலாப்பக்கம் திருப்பி, கயிற்றைக் கொஞ்சம் தளர்த்திக் கட்டிய அன்றே ஜட்டி ஏறிவிட்டது. அன்றிலிருந்து, அவன் எதையாவது மறுத்தால் முதலில் துணியைப் பார்ப்பேன், பிறகுதான் பிள்ளையை.

முன், பின் தெரிவது அடுத்த சிக்கல். முன்பு கழுத்தின் பின்பக்கம் தைத்த லேபிள் இருந்தது, அதைக் காட்டி, இது முதுகுக்கு என்று சொல்லிவிடலாம். இப்போது உறுத்தாமல் இருப்பதற்காக லேபிளை அச்சாகவே ஒட்டிவிடுகிறோம். நான்கு சலவையில் அது மங்கிவிடும். அதனால் அவனுடைய கால்சட்டைகள் அனைத்திலும் இடுப்புப்பட்டையின் உட்புறம், பின்பக்க நடுவில், சிவப்பு நூலால் ஒரு சிறிய பெருக்கல் குறி தைத்தேன். “செவப்பு முதுகப் பாக்கணும்” என்பது எங்கள் வீட்டு வாக்கியமாயிற்று. முதல் சில வாரங்கள் இரண்டு காலையும் ஒரே குழாயில் விட்டுக்கொண்டு தவளைபோலக் குதிப்பான். நின்றுகொண்டு போடுவதால்தான் இது நேர்கிறது. ஒற்றைக் காலில் நிற்பதே அந்த வயதில் பெரிய வித்தை, அதோடு துளையையும் தேட முடியாது. உட்காரும் மணையை எடுத்துக் கொடுத்தேன். கால்பாதம் தரையில் முழுதாகப் பதியும் உயரம்தான் முக்கியம். கட்டிலின் விளிம்பில் உட்கார வைத்தால் கால் தொங்கும், உடம்பு முன்னால் சாயும்.

டி-ஷர்ட்டுக்கு வருகிறேன், ஏனென்றால் பெரும்பாலான வீடுகளில் சண்டை நடப்பது இதில்தான். பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் நான்கில் ஒரு பங்கு தலை. வளர்ந்தவர்களுக்கு அது ஏழில் அல்லது எட்டில் ஒரு பங்கு. இரண்டு வயதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. அந்த வயதுக் குழந்தையின் தலைச் சுற்றளவு 48 செ.மீ. அளவில் இருக்கும். கைகளோ குட்டை, இரண்டு கையையும் மேலே தூக்கினால் உச்சந்தலையைக் கொஞ்சம்தான் தாண்டும். அதாவது, பெரிய தலையை மூடிய ஒரு துணியை, அந்தத் தலையைத் தாண்டி அதிகம் எட்டாத கைகளால் கீழே இழுக்க வேண்டும். என் மேசைக்கு வரும் அளவுப் பட்டியல்களில், இரண்டு மூன்று வயதுச் சட்டையின் கழுத்தை இழுத்து விரித்தால் சுற்றளவு 52 செ.மீ.க்குக் குறையக் கூடாது என்று இருக்கும். நான் இரண்டு கையாலும் இழுத்து அளப்பேன், 52 வரும், தேறியது என்று அனுப்பிவிடுவேன். அந்த 52 வருவதற்கு எவ்வளவு வலு தேவை என்று பட்டியலில் எந்தக் கட்டமும் இல்லை. கழுத்துப்பட்டையின் ரிப் பின்னல் இறுக்கமாக இருந்தால் பெரியவர் கை அதை விரித்துவிடும், குழந்தையின் கை விரிக்காது. வீட்டில் இருந்த பதினொரு சட்டைகளையும் எடுத்து வைத்து, இரண்டு விரலால் மட்டும் இழுத்துப் பார்த்தேன். நான்குதான் எளிதாக விரிந்தன. தோளில் பிரஸ் பட்டன் வைத்த ஒன்று, தோள் மடிப்பு ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும் ஒன்று, துவைத்துத் துவைத்துத் தொளதொளத்த பழையவை இரண்டு. பயிற்சிக்கு அந்த நான்கை மட்டும் வைத்துக்கொண்டேன். புதுத் துணியில் பழக்குவது வீண் என்பது என் கருத்து. அண்ணன் அக்கா போட்டுக் கழித்த துணிதான் நல்ல ஆசிரியர்.

சட்டையை எப்படிக் கையில் கொடுப்பது என்பதையும் மாற்ற வேண்டியிருந்தது. தரையில் பாயை விரித்து, படம் போட்ட முன்பக்கம் தரையைப் பார்க்கும்படி, கீழ் விளிம்பு குழந்தையின் பக்கம் இருக்கும்படி சட்டையைப் பரப்பினேன். அவன் அதன்முன் மண்டியிட்டு, மேலிருக்கும் துணியைத் தூக்கி, இரண்டு கையையும் உள்ளே விட்டு, கைப்பகுதியின் வழியாக விரல்கள் எட்டிப் பார்க்கும்வரை நுழைக்க வேண்டும். பிறகு கைகளைத் தலைக்குமேல் தூக்கினால் சட்டை தானே தலைமேல் வந்து விழும், முன்பக்கமும் முன்னால் வந்துவிடும். பலர் தலையை முதலில் விடச் சொல்வார்கள். அதுவும் நல்ல முறைதான். ஆனால் ஒருமுறை சட்டைக்குள் சிக்கிக்கொண்ட என் மகனுக்கு இருட்டு பிடிக்கவில்லை. கைகள் முதலில் போய்விட்டால், தலை உள்ளே இருக்கும் நேரம் இரண்டு வினாடிதான். அந்த இரண்டு வினாடிக்கும் நான் “காணோம், காணோம்” என்று தேடுவேன். தலை வெளியே வந்ததும் கண்டுபிடித்துவிட்டதாகக் கூச்சலிடுவேன். பயம் விளையாட்டாக மாறியதற்கு இந்தக் கூச்சலே காரணம் என்று நினைக்கிறேன்.

முதல்முறை யாருடைய கையும் படாமல் ஒரு டி-ஷர்ட்டை அவன் போட்டு முடித்த மாலையில் கடிகாரத்தைப் பார்த்தேன்: பதினொரு நிமிடம். எங்கள் தையல் வரிசையில் ஒரு சாதாரண டி-ஷர்ட்டைத் தைத்து முடிப்பதற்கான வேலை நேரத்தை எல்லாம் கூட்டினாலும் ஏழெட்டு நிமிடம்தான். தைப்பதைவிடப் போடுவது கடினமான வேலை என்று மறுநாள் சூப்பர்வைசர் அண்ணனிடம் சொன்னேன், அவர் சிரிக்கவில்லை.

அத்தைக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை என்பதைச் சொல்லாமல் போனால் பாதி உண்மையை மறைத்ததாகும். பகல் முழுவதும் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர் அவர். “ஏங்கண்ணு, நா இருக்கறப்ப என்ற பேரன் எதுக்குக் கஷ்டப்படணும்? ஒரு நிமிசத்துல போட்டுவுட்டுட்டுப் போறேன்” என்பார். அவருக்குச் சட்டை போட்டுவிடுவது ஒரு வேலையல்ல. பவுடர் பூசி, தலை வாரி, திருஷ்டிப்பொட்டு வைத்து முடிக்கும் ஒரு கொஞ்சல். நான் அதைப் பிடுங்கிக்கொள்வதாக அவர் நினைத்ததில் தவறில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேரன் எதிரில் பாயில் சட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, அத்தை முறத்தில் பச்சை மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். இரண்டு கையும் மொச்சையில். உதவி செய்யக் கை பரபரத்தாலும் அடுத்த காயை எடுத்தார். “அந்தப் பக்கம் இல்ல சாமி… ம், அங்கதான்… வுடு வுடு” என்று வாயால் மட்டுமே வழிகாட்டினார். பையன் போட்டு முடித்தான். முறத்தை ஒதுக்கிவிட்டு அவனைத் தூக்கிக்கொண்டார். அதன்பிறகு அவன் உடுத்தும் நேரத்தில் மொச்சை, பூண்டு, கீரை என எதையாவது கையில் எடுத்துக்கொண்டு உட்காரும்படி நானே பார்த்துக்கொண்டேன். பெரியவர்களின் கை சும்மா இருந்தால் அது குழந்தையின் வேலைக்குப் போய்விடும்; என் கையும் அப்படித்தான். நான் மாலையில் துணி மடிக்கும் வேலையை அந்த இருபது நிமிடத்துக்கு மாற்றியது இதைப் பார்த்துத்தான். பவுடரும் பொட்டும் அத்தையின் பங்கு என்று எழுதாத ஒப்பந்தம் ஒன்று எங்களுக்குள் ஏற்பட்டது.

உடை தேர்வு பற்றிக் கொஞ்சம். அலமாரியைத் திறந்து எது வேண்டும் என்று கேட்டால் அந்த வயதில் எல்லாமே வேண்டும், அல்லது எதுவுமே வேண்டாம். இரண்டை மட்டும் பாயில் வைத்துக் கேட்டேன். ஒரு கட்டத்தில் மஞ்சள் சட்டை ஒன்றைத் தவிர வேறெதையும் தொடவில்லை; ஒன்பது நாள் இரவு துவைத்துக் காலையில் மாட்டினோம். பத்தாம் நாள் அவனே மறந்துவிட்டான். செருப்புக்கு, இரண்டின் உள்விளிம்பிலும் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, புள்ளியும் புள்ளியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று சொன்னதே போதுமானதாக இருந்தது.

பட்டன் வேறு உலகம். மூன்றரை வயதுக்கு முன்னால் நான் அதைத் தொடவே இல்லை. பக்கத்து வீட்டுச் சிறுமி படித்த மாண்டிசோரி பள்ளியில் ஒரு மரச் சட்டகத்தைப் பார்த்தேன். இரண்டு துணிகள் அதில் பொருத்தப்பட்டு, நடுவில் பெரிய பட்டன்கள் மட்டும் இருந்தன. இன்னொன்றில் ஜிப் மட்டும், வேறொன்றில் நாடா மட்டும். மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து, போரின் காரணமாக 1946வரை இந்தியாவில் தங்கி, கொடைக்கானலிலும் சில காலம் இருந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்தவர். அந்தச் சட்டகங்கள் அவருடைய முறையைச் சேர்ந்தவை. ஒரு நேரத்தில் ஒரே ஒரு கடினம்தான் குழந்தையின் முன்னால் இருக்க வேண்டும் என்பது அதன் உள்ளிருக்கும் எண்ணம். உடம்பில் போட்ட சட்டையில் பட்டன் மாட்டும் குழந்தைக்குக் கடினங்கள் பல: துணி அசைகிறது, கண் சரியாகப் பார்க்க முடியவில்லை, பட்டன் சிறிது, காஜா என்ற பட்டன் துளை புதிது.

சட்டகம் வாங்க எனக்கு வசதிப்படவில்லை, தேவையும் இல்லை. பட்டன்களை நாங்கள் லைன் கணக்கில் அளக்கிறோம். 40 லைன் ஓர் அங்குலம். சட்டைக்கு வழக்கமாக வைப்பது 18 லைன், அதாவது பதினொன்றரை மில்லிமீட்டர். நான் 32 லைன் பட்டன்கள் ஐந்தை, அதாவது இரண்டு செ.மீ. அகலமானவற்றை, பழைய தலையணை உறையின் வாயில் வைத்து, காஜாவைக் கொஞ்சம் தாராளமாக வெட்டித் தைத்தேன். பட்டனைத் துணியோடு ஒட்டித் தைக்காமல், நூல் காம்பு கொஞ்சம் நீண்டிருக்கும்படி விட்டேன். விரல் பிடிக்க இடம் வேண்டும். அதற்கும் முன்னால் ஒரு டப்பாவின் மூடியில் கீறல் போட்டு உண்டியலாக்கி, காசு போடப் பழக்கியிருந்தேன். காசைப் படுக்கவைத்தால் போகாது, நிமிர்த்தினால் போகும் என்று தெரிந்த கைக்குப் பட்டனை விளிம்பால் நுழைப்பது புரிந்துவிடுகிறது. உண்மையான சிக்கல் அதற்கு அடுத்த நொடியில் இருக்கிறது: பாதி நுழைந்த பட்டனை ஒரு கை விட வேண்டும், மறு கை மறுபக்கத்திலிருந்து பிடிக்க வேண்டும். இந்தக் கைமாற்றத்தில்தான் பட்டன் திரும்பி ஓடிவிடும். அங்கே மட்டும் என் ஒரு விரலை வைத்துத் தாங்கினேன். சட்டையில் பழகும்போது கீழ்ப் பட்டனிலிருந்து மேலே வரச் சொன்னேன். கீழே உள்ளது கண்ணுக்குத் தெரியும், கழுத்துப் பட்டன் யாருடைய கண்ணுக்கும் தெரியாது. கீழிருந்து தொடங்கினால் ஒன்று மாறி ஒன்று மாட்டும் கோணலும் குறைகிறது.

ஜிப் பற்றி எழுதும்போது இன்றும் என் வயிறு கலங்குகிறது. மூன்றாவது தீபாவளிக்கு உறவினர் ஒருவர் ஜிப் வைத்த ஜீன்ஸ் வாங்கித் தந்தார். எனக்கு அப்போதே தயக்கம்தான். எங்கள் கம்பெனியில் சின்னப் பையன்களின் கால்சட்டைக்கு ஜிப் இருப்பதுபோன்ற தையல் கோடு மட்டும் போடுகிறோம், உண்மையான ஜிப் வைப்பதில்லை. பண்டிகை அவசரத்தில் உள்ளே ஜட்டி இல்லாமலே அவன் தானாகப் போட்டுக்கொண்டு மேலே இழுத்தான். தோல் மாட்டிக்கொண்டது. நான் கீழே இழுக்கப்போனபோது என் கணவர் கையைப் பிடித்து நிறுத்தினார், அதற்காக அவருக்கு என்றென்றும் கடன்பட்டிருக்கிறேன். மருத்துவமனையில் மருத்துவர் வலி தெரியாதிருக்க மருந்து கொடுத்து, ஜிப்பின் மேலும் கீழும் ஓடும் ஸ்லைடரில் மேல்தகட்டையும் கீழ்த்தகட்டையும் இணைக்கும் நடுப்பாலத்தைக் கட்டரால் வெட்டினார். ஸ்லைடர் இரண்டாகப் பிரிய, பற்கள் தாமாக விலகின. வீட்டில் இழுத்தால் காயம் பெரிதாகிவிடும், அப்படியே தூக்கிக்கொண்டு வருவதுதான் சரி என்றார். பையன்களுக்கு ஐந்து வயதுவரை எலாஸ்டிக் போதும், ஜிப் வைத்த எதையும் ஜட்டி இல்லாமல் போடக் கூடாது. அதேபோல், கழுத்திலும் தலைமூடியிலும் கயிறு தொங்கும் சட்டைகளையும் நான் வாங்குவதில்லை. ஐரோப்பாவுக்குப் போகும் துணிகளில் ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அந்த இடங்களில் கயிறே வைக்கக் கூடாது என்பது இ.என். 14682 என்ற தரவிதி. சறுக்குமரத்திலோ பேருந்துக் கதவிலோ மாட்டினால் கழுத்து இறுகிவிடும் என்பதால். நம் கடைவீதியில் அந்தக் கயிறு தாராளமாகத் தொங்குகிறது.

பெண் குழந்தைகளின் உடைகளைப் பற்றி எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. என் அக்கா மகளும் என் மகனும் மூன்று மாத இடைவெளியில் பிறந்தவர்கள். அவள் கைத்திறத்தில் இவனைவிட ஒருபடி மேல். ஆனாலும் தானாக உடுத்துவதில் ஒரு வருடம் பின்தங்கினாள். காரணம் அவள் அல்ல. அவளுடைய கவுன்களில் ஜிப் முதுகில், கொக்கி முதுகில், ரிப்பன் முடிச்சும் முதுகில். பட்டுப்பாவாடைச் சட்டைக்கும் பின்னால்தான் திறப்பு. முதுகுப் பக்கம் எட்டாத கைக்கு எவ்வளவு பழக்கினாலும் என்ன பயன்? விசேஷத்துக்கு அவை இருக்கட்டும். தினப்படிக்குத் தலைவழியாகப் போடும் தளர்வான சட்டையும் எலாஸ்டிக் பாவாடையும் வாங்கச் சொன்னேன். லெக்கின்ஸ் வேண்டாம் என்றும் சொன்னேன், அது ஈரக் காலில் ஏறுவதற்குப் பெரியவர்களே படும் பாடு தெரியும். மூன்று வாரத்தில் அவள் என் மகனை முந்திவிட்டாள்.

வயதுக் கணக்கு கேட்பவர்களுக்கு, நான் பார்த்த அளவில் சொல்கிறேன். ஒன்றரை வயதை ஒட்டித் தொப்பியும் காலுறையும் கழற்றத் தொடங்குகிறார்கள். இரண்டரையில் எலாஸ்டிக் கால்சட்டையை இறக்கவும் ஏற்றவும் வருகிறது, கழிப்பறைப் பழக்கமும் இதோடு சேர்ந்தே கைகூடுகிறது. மூன்றை ஒட்டி டி-ஷர்ட், கொஞ்சம் உதவியோடு. நான்கை நெருங்கும்போது பெரிய பட்டன். ஷூ நாடா ஐந்துக்கோ ஆறுக்கோ பிறகு. இதில் ஆறு மாதம் முன்பின் ஆவது சாதாரணம். நான்கு வயது கடந்தும் எதையுமே முயலாமல் இருந்தாலோ, எந்தத் துணி பட்டாலும் தாங்க முடியாமல் அலறினாலோ குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை காட்டுவது நல்லது. அதற்கு முன்னால் சட்டையை உள்ளே வெளியே திருப்பி, தோள் தையலில் நூல் முனை குத்துகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். துணி ஓரம் பிரியாமல் போடும் ஓவர்லாக் தையலின் நூல் முனை குழந்தையின் கழுத்துக்கு முள்போல இருக்கும்.

கற்றது நிலைக்கும் என்றும் எண்ண வேண்டாம். காய்ச்சல் வந்து தேறிய பின் மூன்று வாரம், மறுபடியும் “போட்டுவுடு” என்றான். போட்டுவிட்டேன். தெரியாமல் கேட்கவில்லை, வேண்டும் என்று கேட்கிறான் என்பது பார்த்தாலே தெரிந்தது.

இப்போது அவனுக்கு ஐந்து வயது. பள்ளிச் சீருடையின் மேல்பட்டனைத் தவிர மற்றதை அவனே பார்த்துக்கொள்கிறான். அந்தப் பட்டனுக்கு மட்டும் முகவாயைத் தூக்கிக்கொண்டு என் முன்னால் வந்து நிற்பான். போன மாதம் அத்தைக்கு வலது தோள் இறுகிக்கொண்டு கை மேலே எழவில்லை. இயன்முறை மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்), துணி போடும்போது வலிக்கும் கையை முதலில் விட வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்ததைப் பையன் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறான். அன்று மாலை நான் வீட்டுக்குள் நுழைந்தபோது, அத்தை மணையில் உட்கார்ந்திருக்க, அவன் ரவிக்கையின் கைப்பகுதியை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“அப்பத்தா, வலிக்கிற கையக் குடு.”

“நீ சும்மா புடிச்சுட்டு நில்லு சாமி. நானே போட்டுக்கறேன்.”